லெப்டினென்ட் பார்லோவுக்குக் கடல் தெரிய வேண்டும்

செத்துப்போன ஒரு வெள்ளைக்காரருக்குத் தன் வீட்டுக் குசினி மறைக்கிறது என்பது சுகுமாறனுக்கு ஒரு சனிக்கிழமை காலையில்தான் தெரியவந்தது.

அதுவரை அந்த வெள்ளைக்காரரோடு அவனுக்கு எந்தச் சச்சரவும் இருந்ததில்லை. கோல சிலாங்கூர் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவில் கிடக்கிறது அவன் தோட்டம். கம்பெனி வைத்த பெயர் வேறு. ஆட்கள் சொல்வது, கப்பல்காரனைச் சுருக்கி, கப்பக்காரன் தோட்டம். லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால், லாலாங் புல்லுக்குள் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் ஒரு கல்தான் அந்தப் பெயருக்குக் காரணம். கடைசி வீடு சுகுமாறனுடையது. கல் லெப்டினென்ட் எட்வின் பார்லோவுடையது.

பார்லோ ஆங்கிலேயக் கடற்படையில் அதிகாரி. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு போர்க்கப்பலில் ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தார். படகில் ஏறி ஆற்றோடு மேலே போனார். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே வயிற்றுப்போக்கு கண்டு இறந்தார். இந்த நாட்டுக்கு அவர் செய்தது அவ்வளவுதான். கல்லில் அதைக் கொஞ்சம் மரியாதையாக எழுதி, அடியில் ‘இங்கிருந்து அவர் என்றென்றும் கடலைப் பார்த்திருக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். எழுதியவர் எதையாவது எழுத வேண்டுமே என்று எழுதியிருப்பார். அதை நம்புவதற்கென்றே பின்னாளில் ஒரு கழகம் தோன்றும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கடற்படை அதிகாரிகள் கல்லறைக் கௌரவக் கழகத்துக்குப் பட்டணத்தில் ஒரு மாடிக் கடையில் அலுவலகம் இருந்தது. கழகத்தில் கடற்படையில் இருந்தவர் எவரும் கிடையாது. ஒரே ஒருவர் சேர வந்தார். அவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், அதிகாரி அல்ல என்பதால் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தலைவர் டாக்டர் குகன், டத்தோ பட்டம் வாங்கிய பல் வைத்தியர். கெத்தாம் தீவுக்குப் படகேறினால் பாதி வழியிலேயே வாந்தி எடுப்பவர். ஆனால் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டை அந்த வட்டாரத்து வெயிலிலும் கழற்றாமல் நிற்கக்கூடியவர். செயலாளர் பிரேமலா, ஓய்வுபெற்ற துணைத் தலைமையாசிரியை. அவர் முன்னால் யாரும் நேராக நிற்காமல் இருக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். கல்லுக்குப் பின்னால் வரிசையாக நின்று, கடல் இருக்கும் திசைக்குத் திரும்பி, சல்யூட் அடித்தார்கள். அந்தத் திசையில் சுகுமாறனின் குசினி இருந்தது. குசினி வாசலில் அவன் மனைவி துளசி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நீலக் கோட்டுக்காரர்கள் வரிசையாகத் தனக்கு வணக்கம் வைப்பதைப் பார்த்துக் கைலியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அது வெறும் குசினி அல்ல. லயத்து வீட்டோடு கம்பெனி கொடுத்த அடுப்படியில் ஒரு ஆள் திரும்ப முடியாது. மானேஜரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு, வீட்டுக்குப் பக்கவாட்டில் தனியாக, லோரி ஓட்டிவிட்டு வந்த சாயங்காலங்களில் சுகுமாறன் கல் கல்லாக அடுக்கிக் கட்டியது. எந்தப் பலகை எந்த உயரத்தில் வர வேண்டும் என்று துளசி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அடித்தது. விடிவதற்கு முன் அவள் அங்கே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு சமைத்துப் பொட்டலம் கட்டி, ரவாங் பக்கம் தொழிற்சாலை பஸ் ஏறுகிறவர்களுக்கு முச்சந்தியில் விற்பாள். வீடு ஓடியதில் பாதி அந்தக் குசினியால்தான்.

டத்தோ சுகுமாறனைக் கல்லுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

“இங்கேருந்து பாருங்க சுகுமாறன். என்னா தெரியுது?”

“எங்க குசினி, டத்தோ.”

“கடல் தெரியுதா?”

“குசினி இல்லாட்டியும் தெரியாதுங்களே. அங்கிட்டு பூரா செம்பன. அதுக்குப் பின்னால மில்லு, ரோடு, பட்டணம்…”

“மரம் கம்பெனிது, ரோடு கவர்மெண்டுது. அதுல நாங்க கை வைக்க முடியாது லா. குசினிதான் உங்களுது.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சுகுமாறன் தன் பாட்டனும் கடல் தாண்டித்தான் வந்தார், இந்த மேட்டில்தான் எங்கோ புதைத்திருக்கிறார்கள், கல் எதுவும் வைக்கவில்லை என்றான். டத்தோ பரிவோடு தலையாட்டினார்.

“உங்க பாட்டன் வந்தாரு. என் பாட்டனும் அதே மாதிரிதான் வந்தாரு, அத நான் வெளிய சொல்லிக்கிறதில்ல. வர்றது வேற சுகுமாறன். லெப்டினென்ட் பார்லோ வருகை தந்தாரு.”

முதலில் கழகம் சின்னதாகத்தான் கேட்டது. குசினிக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த துணிக்கொடியை எடுக்கச் சொன்னார்கள். உள்பாவாடைகளை ஒரு கடற்படை அதிகாரியின் முகத்துக்கு நேரே உலர்த்துவது எந்த நாட்டு மரபிலும் இல்லை என்று பிரேமலா விளக்கினார். சுகுமாறன் சரி என்று கொடியை வேலிப் பக்கம் மாற்றினான். அடுத்த மாதம் வாசனை பற்றிப் பேச்சு வந்தது. அதற்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு குசினியில் உட்கார்ந்து இரண்டு முறை சாப்பிட்டுப் பார்த்து, கருவாடும் நெத்திலியும் கடல்சார்ந்தவை, ஆகையால் அதிகாரியின் கௌரவத்துக்குக் குறைவில்லை, ஆனால் பெருங்காயம் தரைப்படைக்குக்கூடப் பொருந்தாது என்று முடிவு சொன்னது. துளசி பெருங்காய டப்பாவைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துத் திறந்து காட்டட்டுமா என்று கேட்டாள். சுகுமாறன் அவளைச் சமாதானப்படுத்தினான்.

அவன் ஏன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான் என்று துளசிக்கு விளங்கவில்லை. அவனுக்கே முழுசாக விளங்கவில்லை. வீடு கம்பெனியுடையது, டத்தோ மானேஜரின் பல்லைப் பிடுங்கியவர் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை வருஷ லோரி வாழ்க்கையில் அவனை ‘மிஸ்டர் சுகுமாறன்’ என்று கூப்பிட்ட முதல் ஆள் பிரேமலா. அந்த மிஸ்டர் அவனைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது.

குசினியை இடிக்கலாமா என்று கழகம் கூடிப் பேசியபோது டத்தோதான் பெருந்தன்மையோடு குறுக்கே நின்றார். இடிக்க வேண்டாம், ஒரு துவாரம் போதும் என்றார். கல்லைப் பார்த்த சுவரில் ஒன்று, எதிர்ச் சுவரில் அதற்கு நேராக இன்னொன்று. பார்லோவின் பார்வை குசினிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். குடும்பத்துக்கும் தொந்தரவில்லை.

எந்த உயரத்தில் துவாரம் என்பதில்தான் கழகம் உடையப் பார்த்தது. பார்லோ படுத்திருக்கிறார், அதுவும் மண்ணுக்கு அடியில், அவர் கண்மட்டத்துக்குப் போட்டால் அது எலிப் பொந்தாகத்தான் இருக்கும் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். அவரை உட்காரச் சொன்னார்கள். கடைசியில், சாதாரண நாட்களில் அதிகாரி படுத்திருப்பார், விழா நாட்களில் எழுந்து நிற்பார் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அவர் உயரம் தெரியாததால் டத்தோவின் உயரத்தை எடுத்துக்கொண்டார்கள். டத்தோ குள்ளம் என்பதால் பதவிக்காக அரை அடி கூட்டினார்கள்.

துளசி முச்சந்தியில் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்த ஒரு காலையில் ஆட்கள் வந்து சுவரை உடைத்தார்கள். துவாரம் வழியாகப் பார்த்தால் ஒரு செம்பனை மரம் தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு செம்பனை. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை போல எல்லாரும் மாறி மாறி எட்டிப் பார்த்தார்கள். பிறகு பிரேமலாவுக்கு ஒரு யோசனை வந்தது. சுங்கை பெசாரில் ஒரு கடையில் பெரிய பேனராகக் கடலை அச்சடித்து, குசினிக்கு மறுபக்கம் இரண்டு கம்பு நட்டுக் கட்டினார்கள். கடைக்காரன் எங்கிருந்தோ எடுத்த படத்தில் ஓரமாக ஒரு நீச்சலுடைப் பெண் நின்றிருந்தாள். அவளை மறைக்க அந்த இடத்தில் டத்தோவின் படத்தைப் போட்டார்கள்.

துளசி திரும்பி வந்து குசினிக்குள் நுழைந்தாள். ஒரு ஓட்டையில் கல் தெரிந்தது. இன்னொரு ஓட்டையில் நீல அலைகளுக்கு நடுவே டத்தோ சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னாங்க இது?” என்றாள்.

“பார்வ” என்றான் சுகுமாறன்.

பார்வைத் திறப்பு விழாவில் டத்தோ துவாரத்துக்குக் குறுக்கே கட்டிய ரிப்பனை வெட்டினார். ஒரு மனிதர் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து, முன்பின் தெரியாத ஊரில் வயிறு கெட்டு இறப்பதென்றால் அதற்கு எவ்வளவு அர்ப்பணிப்பு வேண்டும் என்று பேசினார். நாமெல்லாம் இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறோம், அதில் என்ன பெருமை இருக்கிறது என்று கேட்டார். எல்லாரும் தாங்கள் இங்கேயே பிறந்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டுக் கைதட்டினார்கள். பிறகு சுகுமாறனை முன்னால் அழைத்து ‘காட்சிக் காவலர்’ என்று பட்டம் கொடுத்து, நங்கூரம் போட்ட தொப்பி ஒன்றைத் தலையில் வைத்தார்கள். தொப்பி சரியாகப் பொருந்தியது. அதுதான் அவனுக்குப் பின்னால் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மழை துவாரம் வழியாக வந்தது. மழை இல்லாத நாளில் குரங்குகள் வந்தன. அவித்த முட்டைகளையும் வறுத்த நெத்திலியையும் எடுத்துக்கொண்டு மறு துவாரம் வழியாகக் கடல் பக்கம் இறங்கிப்போயின. சனி ஞாயிறுகளில் கோலாலம்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, துவாரத்தில் முகத்தை வைத்து, துளசி வெங்காயம் அரிவதைப் படம் பிடித்தார்கள். அடுப்பு சரியாக இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் அவள் தலை பார்லோவை மறைத்தது. ஆகவே ‘சமைப்பவர் குனிந்து நிற்கவும்’ என்று கழகம் மூன்று மொழிகளில் ஒரு பலகை மாட்டியது.

துளசி கொஞ்ச நாள் குனிந்து சமைத்தாள். பிறகு ஒரு காலையில் பெரிய சட்டிகளை மட்டும் துணியில் கட்டினாள். செரண்டாவில் இருக்கும் அக்கா காளியம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். சுகுமாறன் தடுக்கப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்றான்.

“செத்தவருக்குக் கடல் தெரியலன்னு கவலப்பட்டீங்க” என்றாள் துளசி. “உயிரோட ஒருத்தி குனிஞ்சு குனிஞ்சு சமைக்கிறது உங்களுக்குத் தெரியல.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தி, ஆறியிருக்கும்.

அவள் போன பிறகு சுகுமாறன் கடைச் சாப்பாட்டில் காலம் தள்ளினான். காலையில் ரொட்டி சானாய், ராத்திரியும் ரொட்டி சானாய். முச்சந்தியில் துளசி உட்காரும் இடத்தில் வேறு யாரோ குடை விரித்தார்கள். அதற்குள் ஒரு பெருங்காற்றில் பேனர் கிழிந்து பறந்தது. கடலின் பெரும்பாகத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டார். டத்தோவின் முகம் ஆடுகளுக்கு நேர் மேலே வந்தது.

சுகுமாறன் பட்டணத்துக்குப் போய்க் கழகத்தின் படியேறினான். கடல் போய்விட்டது, இனித் துவாரத்தை அடைத்துவிடலாமா என்று பணிவாகக் கேட்டான். டத்தோ நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“பேனர் போனா என்னா? பார்வ இருக்குல்ல.”

“வீட்டுல ஆளு இல்லீங்க டத்தோ. சம்சாரம் போயிருச்சு. அது என் செவருதானே, நானே அடைச்சிக்கிறேன்.”

டத்தோ பிரேமலாவைப் பார்த்தார். பிரேமலா கண்ணாடியைச் சரிசெய்தார். “சுவர் உங்களுடையதுதான் மிஸ்டர் சுகுமாறன், அதை யாரும் மறுக்கவில்லை” என்றார். “துவாரம் கழகத்துடையது.”

அதைப் பற்றி யோசித்துக்கொண்டே சுகுமாறன் படியிறங்கினான். வீடு வந்து சேரும்வரை யோசித்தான். துவாரம் என்றால் ஒன்றும் இல்லாத இடம். ஒன்றும் இல்லாததைச் சொந்தமாக வைத்திருக்கும் ஒரு கூட்டத்துக்குப் பயந்து தன் பெண்டாட்டியை ஊருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று அவனுக்குப் பட்டது. பட்டதும் முகம் சுட்டது. தொப்பி பீரோ மேல் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தான். மணல் அளக்க அளவாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் குழைத்து இரண்டு துவாரங்களையும் அடைத்தான். மீதமிருந்த பழைய செங்கற்களை வைத்து, அவசரமில்லாமல் அடுக்கினான். கைகளுக்கு வேலை மறந்திருக்கவில்லை. குனிந்து நிற்கச் சொன்ன பலகையை உடைத்து அடுப்பில் போட்டான். மறுநாள் மோட்டார் சைக்கிளில் செரண்டா போனான். காளியம்மா அவனை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிறுத்தியே விசாரித்தாள். அவன் அடைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னான். துளசி உள்ளேயிருந்து வந்து, அவன் நகக்கண்களில் காய்ந்திருந்த சிமெண்டைப் பார்த்தாள். சட்டிகளைக் கட்டினாள்.

விஷயம் கழகத்துக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று சுகுமாறன் ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தான். கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். கோர்ட்டு கேஸ் என்று இழுக்கலாம். வரட்டும், வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று வார்த்தைகளைத் தயார் செய்தான். லோரியில் போகும்போதும் அவற்றைச் சொல்லிப் பார்த்தான். ஆனால் யாரும் வரவில்லை. கழகம் கலும்பாங் பக்கம் இன்னொரு அதிகாரியின் கல் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே அலைந்துகொண்டிருந்தது. அது ஒரு சர்வேயருடைய கல் என்று தெரிந்து மனம் நொந்து திரும்பியபோது பார்வைத் திறப்பின் முதலாம் ஆண்டு விழா நெருங்கிவிட்டது.

விழாவுக்கு வெளிநாட்டுக் கடற்படை ஒன்றின் பிரதிநிதி வந்திருந்தார். வெள்ளைச் சீருடை போட்ட இளைஞர். அன்று மட்டும் அவருக்கு இன்னும் இரண்டு கல்லறைகள் பாக்கி இருந்ததால் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூடாரம் போட்டிருந்தார்கள். கல்லுக்கு மாலை சார்த்தினார்கள். டத்தோ முன்னால் வந்து நின்று, கடல் திசைக்குத் திரும்பி, கையை நீட்டினார்.

கை நீண்டபடியே நின்றது. எதிரே குசினிச் சுவர் இருந்தது. நடுவில், பூசாத செங்கற்கள் சதுரமாகச் சிவந்து தெரிந்தன. ஒரு குருடருக்குக்கூடக் கையால் தடவினால் தெரிந்திருக்கும். பிரேமலா பார்த்தார். கோட்டுக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சுகுமாறன் தயார் செய்த வார்த்தைகளை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். குசினி வாசலில் துளசி கரண்டியோடு நிமிர்ந்து நின்றாள்.

கழகம் தொடங்கியதிலிருந்து செய்து முடித்த ஒரே காரியம் அந்தத் துவாரம்தான். அது இல்லை என்று ஒத்துக்கொண்டால் கழகமும் இல்லை. டத்தோ இதையெல்லாம் யோசிக்க ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்.

“இதோ பாருங்கள்” என்றார். “தடையே இல்லாத கடல்.”

எல்லாரும் பார்த்தார்கள். ஒரு உறுப்பினர், போன வருஷத்தைவிட இந்த வருஷம் தெளிவாக இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இன்னொருவர் தூரத்தில் ஒரு கப்பல் போவதாகக்கூடச் சொல்லிவிட்டு, அதிகம் சொல்லிவிட்டோமோ என்று நிறுத்திக்கொண்டார். வெளிநாட்டுப் பிரதிநிதி செங்கல்லுக்கு நிமிர்ந்து ஒரு சல்யூட் அடித்து, மனம் நெகிழ்ந்துபோனேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். டத்தோவுக்குத் தைரியம் வந்துவிட்டது. இந்தப் பார்வையைத் திறக்கத் தான் பட்ட பாடுகளைச் சொன்னார். படிக்காத மக்களிடம் வரலாற்றுணர்வை ஊட்டுவது பல் பிடுங்குவதைவிடக் கடினம், பல் பிடுங்கும்போதாவது முதலில் மரத்துப்போக ஊசி போடலாம் என்றார். அதையும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு காட்சிக் காவலரைப் பேச அழைத்தார்கள். சுகுமாறன் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றான். தயார் செய்த எதுவும் இப்போது தேவைப்படவில்லை.

“அது செவருங்க” என்றான்.

வெளிநாட்டுப் பிரதிநிதி பிரேமலாவின் பக்கம் குனிந்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். பிரேமலா ஒரு கணம்கூடத் தடுமாறாமல், ‘வார்த்தைகள் வரவில்லை என்கிறார்’ என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிரதிநிதி முதல் ஆளாகக் கைதட்டினார். அன்றைக்குப் பேசியவர்களிலேயே அவன்தான் சுருக்கமாகப் பேசியவன் என்பதால் கூட்டம் மனதாரத் தட்டியது.

வேன் புறப்படும்போது டத்தோ சுகுமாறனைத் தனியாகக் கூப்பிட்டார். இப்போதுதான் வரப்போகிறது என்று சுகுமாறன் கால்களை ஊன்றி நின்றான். டத்தோ அவன் தோளில் கைபோட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எல்லாம் நல்லா இருந்துச்சு சுகுமாறன். ஒன்னுதான். அடுத்த வருஷம் மந்திரி யாரையாச்சும் கூட்டியாறலாம்னு இருக்கேன். அதுக்குள்ள அந்தக் கடலுக்குக் கொஞ்சம் பெயிண்ட் அடிச்சிருங்க.”

“முடியாதுங்க” என்றான் சுகுமாறன்.

அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை டத்தோ கேட்டுப் பழகியதில்லை. சரிங்க என்றுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். தட்டிக்கொடுத்துவிட்டு ஏறிப்போனார். வாசலில் நின்ற துளசிக்கு மட்டும் அது முடியாதுங்க என்றே கேட்டது. அவள் உள்ளே போய்ச் சாப்பாடு போட்டாள்.

அடுத்த வாரம் கழகத்திலிருந்து ஒரு டின் பெயிண்ட் வந்து சேர்ந்தது. நீலம். நல்ல உசத்திச் சாமான். துளசி அதை வீணாக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கழிவறைக் கதவுக்கு இரண்டு பூச்சு அடித்தாள். பார்லோவின் கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் அது பளிச்சென்று தெரியும். நடுவில் மறைப்பதற்கு ஒன்றும் கிடையாது.